600 ஆண்டு பழைய ஓவியத்தை அச்சிட்டதற்கு நோட்டீஸ்: பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: அலுமினியத் தகட்டில் படங்களை அச்சிட்டு ஆன்லைனில் விற்கிறேன். பிரான்ஸின் பெர்ரி கோமகன் அரண்மனையில் விருந்து கொடுக்கும் பழைய ஓவியம் ஒன்றை மூன்றடி உயர மெட்டல் பிரிண்டாகப் போட்டேன், நன்றாக விற்றது. இப்போது ஒரு வெளிநாட்டுப் பட நிறுவனம், "அந்த ஓவியத்தின் புகைப்படம் எங்களுடையது. 14 நாளில் 1,800 யூரோ கட்டாவிட்டால் பிரான்ஸில் வழக்கு, இந்தியாவில் போலீஸ் புகார்" என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. விற்பனைத் தளமும் என் லிஸ்டிங்கை நீக்கிவிட்டது. படத்தை இணையத்திலிருந்து எடுத்தது என் டிசைனர். பணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாமா?
- வாசகர், கோவை

பதில்: இப்போது கட்டாதீர்கள். கட்டினால், உரிமை அவர்களுடையது என்று நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதற்காக மின்னஞ்சலைக் கண்டுகொள்ளாமலும் விடாதீர்கள்.

முதலில் ஓவியத்தைப் பார்ப்போம். நீல அங்கியில் கோமகன், அவர் தலைக்குப் பின்னால் வட்டமான தீத்தடுப்புத் தட்டி, மேசைமேல் கப்பல் வடிவத் தங்கப் பாத்திரம், தட்டுகளுக்கு நடுவே குட்டி நாய்கள் என்றால், அது 'த்ரே ரிஷ் ஊர்' என்னும் பிரார்த்தனை நூலின் ஜனவரி மாதப் பக்கம். லிம்பூர்க் சகோதரர்கள் மூவரின் கைவேலை. மூவரும் 1416இல் இறந்துவிட்டார்கள், கோமகனும் அதே ஆண்டில் போய்விட்டார். நமது பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 22ஆம் பிரிவுப்படி ஓவியர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள்தான் பாதுகாப்பு. இங்கிலாந்தின் முதல் பதிப்புரிமைச் சட்டமே 1710இல் வந்தது என்னும்போது, இந்த ஓவியத்துக்கு அப்படி ஓர் உரிமை என்றைக்குமே இருந்ததில்லை. மூல நூல் ஷான்டியியில் உள்ள கோந்தே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் பொருளை வைத்திருப்பவருக்கு அதன் படத்தின் மேல் பதிப்புரிமை தானாக வந்துவிடாது.

நிறுவனத்துக்கும் இது தெரியும். அதனால்தான் ஓவியத்தை விட்டுவிட்டு "எங்கள் புகைப்படம்" என்கிறார்கள். கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

புகைப்படமும் நம் சட்டப்படி ஒரு கலைப்படைப்பு. 2012 திருத்தத்துக்குப் பிறகு அதற்கும் எடுத்தவர் வாழ்நாளும் 60 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. ஆனால் 13ஆம் பிரிவு கேட்பது சுயமான படைப்பு. ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோதக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் சொன்னது: உழைப்பும் முதலும் போட்டதால் மட்டும் பதிப்புரிமை வராது, கொஞ்சமாவது படைப்பாற்றல் இருக்க வேண்டும். தட்டையான ஓவியத்துக்கு நேர் எதிரே கேமராவை வைத்து, நிறம் பிசகாமல், ஓரம் கோணாமல் எடுப்பவரின் நோக்கமே தன் கைவண்ணம் எதுவும் படத்தில் தெரியக்கூடாது என்பதுதான். திறமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அதில் புதிதாகப் படைக்கப்பட்டது என்ன? அந்த வழக்கு நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடுவது பற்றியது, புகைப்படம் பற்றியது அல்ல. எதிர்த்தரப்பு அதைச் சொல்லி வாதாடலாம். இருந்தாலும் அளவுகோல் உங்கள் பக்கம்தான் சாய்கிறது என்பது என் உறுதியான கருத்து. 1999இல் பிரிட்ஜ்மன் எதிர் கோரல் வழக்கில் நியூயார்க் நீதிமன்றமும் இதே முடிவுக்குத்தான் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 பதிப்புரிமை உத்தரவில் 14ஆம் பிரிவே இதற்காக இருக்கிறது: காலம் முடிந்த ஓவியத்தின் வெறும் நகலுக்கு, அந்த நகலே சுயமான படைப்பாக இல்லாவிட்டால், உரிமை கிடையாது. அவர்கள் பிரான்ஸைக் காட்டி மிரட்டுவதால் உங்கள் பதிலில் இதை அவசியம் எழுதுங்கள்.

சரி, அப்படியானால் ஆபத்தே இல்லையா? அது டிசைனர் எந்தக் கோப்பை எடுத்தார் என்பதைப் பொறுத்தது. மூலப் பக்கம் ஏறக்குறைய 29 சென்டிமீட்டர் உயரம்தான். அதை மூன்றடிக்குப் பெரிதாக்கியும் தகட்டில் முகங்கள் தெளிவாக வந்திருக்கின்றன என்றால், கைக்குக் கிடைத்த சிறு படத்தை வைத்து அதைச் செய்திருக்க முடியாது. பெரிய கோப்பு எங்கிருந்தோ வந்திருக்கிறது. விக்கிமீடியா காமன்ஸ் போன்ற திறந்த களஞ்சியத்திலிருந்து என்றால் கவலை குறைவு. நிறுவனத்தின் தளத்தில் "சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்ற நிபந்தனைக்கு டிக் போட்டு டவுன்லோடு செய்திருந்தால், பதிப்புரிமை இல்லாவிட்டாலும் ஒப்பந்த மீறல் என்று ஒரு வாதம் எழும். வாட்டர்மார்க்கை அழித்திருந்தால் நிலைமை இன்னும் மோசம், உரிமைத் தகவலை நீக்குவதைக் குற்றமாக்கும் 65பி பிரிவை இழுப்பார்கள். சிதைந்த இடங்களை யாராவது கற்பனையில் புதிதாக வரைந்து நிரப்பிய பதிப்பாக இருந்தால், அந்தப் புதுப் பகுதிக்கு உரிமை இருக்கலாம். டிசைனரை உட்கார வைத்து, கோபப்படாமல், உண்மையைக் கேளுங்கள். பதில் எழுதுவதெல்லாம் அப்புறம்தான்.

போலீஸ் பயம் புரிகிறது. 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு, அது பிடிவாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் அந்தப் பிரிவு தெரிந்தே உரிமையை மீறியவருக்கு. உரிமையே இல்லாத இடத்தில் மீறல் ஏது? மூலக் கோப்பின் முகவரி, எடுத்த தேதி, அங்கே இருந்த உரிமக் குறிப்பு ஆகியவற்றின் ஸ்கிரீன்ஷாட் கையில் இருந்தால், விசாரணைக்குக் கூப்பிட்டாலும் தைரியமாகப் போகலாம்.

பிரான்ஸ் வழக்கு என்பது சொல்வதற்குச் சுலபம். அந்த நாட்டுத் தீர்ப்பை நேராக இங்கே நிறைவேற்ற உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவில் வழியில்லை, இங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும். ஆனால் நீங்கள் ஐரோப்பாவுக்கே பார்சல் அனுப்பியிருந்தால் அதை என்னிடம் மறைக்காதீர்கள், கணக்கு மாறும்.

பதில் கடிதத்தில் மூன்றே விஷயம் கேளுங்கள்: புகைப்படம் எடுத்தவர் யார், உரிமை அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் வந்த ஆவணம் எங்கே, அதில் சுயமான படைப்பு எது. கூடவே 60ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். ஆதாரமில்லாத பதிப்புரிமை மிரட்டலுக்கு எதிராக நீங்களே வழக்குப் போட்டு, தடை உத்தரவும் நஷ்ட ஈடும் கேட்க அது வழி தருகிறது. அவர்கள் முறையாக மீறல் வழக்கைத் தொடுத்து நடத்தினால் அந்தப் பிரிவு உதவாது. உடனே வழக்குப் போடச் சொல்லவில்லை. அந்தப் பிரிவு உங்களுக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

விற்பனைத் தளத்துக்குத் தனியாக எழுதுங்கள். புகார் வந்தால், புகாருக்கு உள்ளான படத்தைச் சேமித்து வைத்திருக்கும் தளம் அதை 21 நாள் தடுத்து வைப்பதற்கும், அதற்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மீண்டும் அனுமதிப்பதற்கும் 52(1)(சி) பிரிவில் இடம் உண்டு. ஓவியத்தின் பெயர், ஓவியர்கள், 1416 என்ற ஆண்டு, உங்கள் மூலக் கோப்பின் விவரம் எல்லாவற்றையும் இணைத்து லிஸ்டிங்கைத் திரும்பக் கேளுங்கள். அந்த விவரக்குறிப்பில் அருங்காட்சியகத்தின் பெயரை "அதிகாரபூர்வ அச்சு" என்கிற தொனியில் போட்டிருந்தால், கேட்பதற்கு முன்பே அதை எடுத்துவிடுங்கள். அது பதிப்புரிமை இல்லாமலே வேறொரு வழக்கைக் கொண்டுவரும்.