தராசு முன்னால் செல்லம்மா

கேள்வி: தேயிலை பறிக்கும் செல்லம்மாவைப் பற்றிச் சிறுகதை அனுப்பியிருந்தேன். எழுதும் முன்பே அவளுடைய பிறந்த நாள் முதல் பிடித்த நிறம் வரை பன்னிரண்டு பக்கம் குறிப்பு எடுத்தேன். அப்படியும் ‘பாத்திரத்தில் உயிர் இல்லை’ என்று திருப்பிவிட்டீர்களே?
- ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: பிடித்த நிறத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? பதினான்கு பக்கக் கதையில் செல்லம்மா ஒரு முடிவுகூட எடுக்கவில்லை. கணவன் குடிக்கிறான், அழுகிறாள். மேஸ்திரி திட்டுகிறார், அழுகிறாள். சிறுத்தை வருகிறது, அதற்கும் அழுகை. ‘பொறுமைசாலி’ என்று ஐந்து இடத்தில் நீங்கள்தான் சொல்கிறீர்கள். அந்த ஐந்தையும் பென்சிலால் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள், ஆளே இருக்க மாட்டாள்.

அவளைத் தராசு முன்னால் நிறுத்துங்கள். மழை நாள், கிலோக் கூலி. இலை ஈரம் என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழிக்கிறார்கள். ஈரத்துக்குக் கழிப்பது வழக்கம்தான். ஆனால் பக்கத்து மூட்டைக்கு ஒரு கிலோதான் கழித்தார்கள். அதை அவள் பார்த்துவிட்டாள். எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டால் அவள் ஒரு செல்லம்மா. வாயைத் திறக்காமல் போய், மறுநாள் முற்றல் இலையை மூட்டையின் அடியில் திணித்தால் வேறொருத்தி. பக்கத்து மூட்டைக்காரியோடு பேச்சை நிறுத்திக்கொண்டால் மூன்றாமவள். எனக்குப் பிடித்தது இவளைத்தான். காட்ட முடிந்த இடத்தில் கோபத்தைக் காட்டுகிறாள். ஒருத்தியை எடுத்துக்கொண்டு, அதனால் அவளுக்கு எது கைவிட்டுப் போகிறது என்பதை அடுத்த காட்சியில் எழுதுங்கள்.

‘வெண்பட்டு போர்த்திய மலை’யை அவள் ரசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது ஊட்டிக்கு இரண்டு நாள் வந்துபோகிறவர் கண். ஜனவரியில் மேகமும் காற்றும் இல்லாத இரவு அவருக்கு நட்சத்திரம் காட்டும். செல்லம்மாவுக்கோ, விடிந்தால் உறைபனியில் கொழுந்து கருகியிருக்குமே, பறிக்க என்ன மிஞ்சும் என்ற கவலை.

இன்னொன்று, வயதுக் கணக்கு. செல்லம்மாவுக்கு 35 வயது, கையில் ஸ்மார்ட்போன். சிறுமியாக இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறியது ஞாபகம் இருக்கிறதாம். இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் ஆனது. தாயகம் திரும்பியவர்களை ஏற்றிவந்த கப்பல் 1980களின் நடுவிலேயே நின்றுபோயிற்று. அந்தக் கப்பல் அவள் அம்மாவுடையது, அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள். பார்க்காத ஊரைப் பற்றி நூறு தடவை கேட்டுச் சலித்துப்போன மகள் உங்கள் பன்னிரண்டு பக்கத்தில் எங்கும் இல்லை.

பேச்சும் சரியில்லை. படுகத் தோட்டக்காரரும் செல்லம்மாவும் ஒரே மேடைத் தமிழ் பேசுகிறார்கள். அவர் வீட்டில் படுக மொழி பேசுகிறவர். வேலையாளிடம் தமிழில் நாலு வார்த்தைக்கு மேல் போக மாட்டார். முகத்துக்கு நேரே ‘கவுடரே’ என்கிறவள், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில் அவரை எப்படிச் சொல்வாள்? அந்த வித்தியாசம் தெரிந்தால் போதும், வட்டார வழக்கை வாளி வாளியாக ஊற்ற வேண்டாம்.

பதினான்கு பக்கத்தையும் திருத்தி அனுப்பாதீர்கள். தராசுக் காட்சியை மட்டும், இரண்டே பக்கத்தில், ‘அழுதாள்’ என்ற சொல் இல்லாமல் எழுதி அனுப்புங்கள்.