குளுக்கோஸ் சென்சாரில் மின்னோட்டம் குறைவது பற்றி

வணக்கம். கார்பன் நானோகுழாய் பூசிய மின்முனையில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியைச் சொட்டுவிட்டுக் காயவைத்தேன், மூன்றாம் நாளே மின்னோட்டம் பாதியாகிவிட்டது என்கிறீர்கள். புது நொதி வாங்குவதற்கு முன் கழன்றது நானோகுழாய்ப் படலமா, நொதியா என்று பாருங்கள். ஃபெர்ரிசயனைடு கரைசலில் சைக்ளிக் வோல்டாமெட்ரி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளப்பது) ஓட்டுங்கள். வரைபடத்தில் மின்னோட்ட உச்சங்கள் முன்பைவிடக் குறையாமல், அல்லது கொஞ்சம் கூடியே இருந்தால் நானோகுழாய்ப் படலம் நன்றாக இருக்கிறது, பிரச்சினை நொதியில்தான். எனக்கும் அதன் மேல்தான் சந்தேகம். வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும் நொதி ஒவ்வொரு கழுவலிலும் கொஞ்சம் கரைந்து போகும்.

அதனால் வேதிப்பிணைப்பு போடுங்கள். நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திய குழாய்களில் கார்பாக்சில் தொகுதிகள் இருக்கும். அவற்றை பிஹெச் 5-6 எம்இஎஸ் தாங்கல் கரைசலில் (பிஹெச்சை மாறாமல் வைப்பது) இடிசி, என்ஹெச்எஸ் என்ற பிணைப்பு வினைப்பொருள்களைச் சேர்த்துத் தூண்டி, கழுவி, அப்புறம் பிஹெச் 7.4 பாஸ்பேட் தாங்கல் கரைசலில் நொதியைச் சேருங்கள். ட்ரிஸ் தாங்கல் கரைசல் வேண்டவே வேண்டாம், அதன் அமீன் தொகுதி நொதிக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இடிசி தண்ணீரில் சீக்கிரம் சிதையும், அன்றன்றே கரையுங்கள்.

மின்முனையை ஆய்வக மேசையிலேயே வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். மதுரையின் மே மாதச் சூட்டில் பிணைத்த நொதியும் செயலிழக்கும். இரவில் 4 டிகிரி ஃபிரிட்ஜில் வையுங்கள். வோல்டாமெட்ரி வரைபடம் வந்ததும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.