அம்மாவைப் பார்க்க ஒரு ஆள்: வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை கடிதக் கட்டைப் பிரித்தால் முக்கால்வாசியும் ஒரே விஷயம். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். அம்மாவோ அப்பாவோ கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ படுக்கையில் இருக்கிறார்கள். நடுவில் 'வீட்டுப் பராமரிப்புச் சேவை' என்று பலகை போட்ட ஒருவர். குளிர்சாதனப் பெட்டி பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

அம்மாவுக்குப் பாரிசவாதம். வவுனியாவில் ஒரு நிறுவனத்துக்குப் பதிவுக் கட்டணம் 10,000 ரூபாயும் ஒரு மாத முற்பணம் 60,000 ரூபாயும் கட்டினோம். வந்த பெண் ஐந்தாம் நாள் போய்விட்டார். வேறு ஆள் அனுப்புகிறோம் என்று ஆறு கிழமையாகச் சொல்கிறார்கள். முற்பணம் திரும்பத் தரமாட்டார்களாம், ரசீதின் பின்பக்கத்தில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறதாம். — கனகராயன்குளம்

ரசீதின் பின்பக்கத்தில் அச்சடித்ததெல்லாம் சட்டம் ஆகிவிடாது. செய்யாத வேலைக்கு வாங்கிய காசு அது. நாளைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினீர்கள், ஆள் எத்தனை நாள் நின்றார், மீதி எவ்வளவு, எத்தனை நாளுக்குள் தர வேண்டும், இவ்வளவும் போதும். கோபத்தை எழுத வேண்டாம். பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோரில் தரும் துண்டை ரசீதோடு சேர்த்து வையுங்கள்.

காசு வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போங்கள். அந்தச் சபைக்குரிய 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அரிசிக்கும் பால்மாவுக்கும் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சேவைக்கும் அதே சட்டம்தான். காசுக்குச் சேவை செய்பவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்வார் என்ற உத்தரவாதம், யாரும் எழுதித் தராவிட்டாலும் உண்டு என்கிறது அதன் 32ஆம் பிரிவு. ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்கவும் வேண்டும். அதில் ஆறு கிழமையை 'இந்தா அனுப்புகிறோம்' என்ற பேச்சில் அவர்கள் தின்றுவிட்டார்கள். இனி ஒரு நாளும் விடாதீர்கள். சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம், கச்சேரியிலும் (மாவட்டச் செயலகம்) விசாரிக்கலாம். அதற்குப் பிறகும் இழுத்தடித்தால் மத்தியஸ்த சபை இருக்கிறது.

இந்த ஆறு கிழமையும் அம்மாவை யார் பார்த்தது என்று நீங்கள் எழுதவில்லை. நீங்கள்தான் என்று நினைக்கிறேன். இன்றைக்கு ஒரு மணித்தியாலமாவது படுத்து எழும்புங்கள், கடிதத்தை நாளைக்கு எழுதலாம்.

ஆறு மாதக் காசை முன்கூட்டிக் கட்டினால் ஏழாம் மாதம் இலவசம் என்கிறார்கள். கட்டலாமா? — முழங்காவில்

வேண்டாம். ஏழாம் மாதம் அவர்களுடைய பலகை அங்கே இருக்குமா என்று யார் கண்டது?

அப்பாவுக்கு 2009இலிருந்து ஒரு கால் இல்லை. இப்போது சீனி வருத்தமும். 'பயிற்சி பெற்ற தாதி' என்று ஒரு பிள்ளையை அனுப்பினார்கள். வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார். ஆனால் இன்சுலின் ஊசியை எந்த இடத்தில் போடுவது என்று என்னைக் கேட்டார். தாதிக்குரிய நாட்காசைத்தான் நிறுவனம் வாங்குகிறது. — புதுக்குடியிருப்பு

முதலில் அந்தப் பிள்ளையைப் பற்றி. தெரியாததைத் தெரியாது என்று கேட்டாரே, அவரை ஏச வேண்டாம். தெரிந்தது போலக் கண்ட இடத்தில் ஊசியைக் குத்தியிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி வந்திருக்கும். என் கோபமெல்லாம் அவருக்கு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தவர் மேல்தான்.

தாதி என்ற சொல்லை இவர்கள் பழந்துணி போல ஆக்கிவிட்டார்கள். தாதியர் கல்லூரியில் மூன்று வருடம் படித்து, வார்டில் இராவிராவாக நின்று பழகி வருபவர் தாதி. இரண்டு கிழமை வகுப்புக்குப் போய், நாலு மூலையிலும் பூப்போட்ட சான்றிதழை லமினேற் செய்து வைத்திருப்பவர் தாதி இல்லை. நடுவில் இன்னொரு தரமும் உண்டு. முறையாகப் பராமரிப்புப் பயிற்சி எடுத்து, தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள். என்.வி.கியூ. என்று சொல்வது அதைத்தான். குளிப்பாட்டுவது, தீத்துவது, புரட்டிப் படுக்க வைப்பது, பிறசர் பார்ப்பது இவையெல்லாம் அவர்களுக்கு நன்றாகக் கைவரும். பல வீடுகளுக்கு அப்படி ஒருவரே போதும். சரி, அப்படியானவரை அனுப்பினால் அதற்குரிய காசை வாங்க வேண்டியதுதானே? தாதி என்ற சொல்லுக்கு ஒரு விலை, வருகிற ஆளுக்கு வேறு விலை. நடுவில் உள்ள காசு யாருக்கு?

இதில் நானும் ஏமாந்தவன் என்பதை மறைக்கவில்லை. பெரியம்மா படுக்கையில் விழுந்தபோது 'அனுபவமுள்ள தாதி' என்று நம்பி, சொன்ன காசைக் கொடுத்தேன். கொப்பியில் ஒவ்வொரு நாளும் பிறசர் எழுதி வைத்திருந்தார். அழகான கையெழுத்து. பதினொரு நாளும் 120/80. என்ன அருமையான உடம்பு என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். பன்னிரண்டாம் நாள் கருவியைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே பற்றறி இல்லை. அது முதல் நாளே தொலைக்காட்சி ரிமோட்டுக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு நான் சான்றிதழைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. பார்க்கத்தான் வேண்டும், அசலைத்தான் பார்க்க வேண்டும். என்.வி.கியூ. என்றால் அது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் சான்றிதழ், அவர்களிடமே விசாரித்து உறுதி செய்யலாம். ஆனால் வருபவரிடம் முதல் நாளே, 'ஐயாவைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றிக் காட்டுங்கள்' என்று சொல்லுங்கள். பாரிசவாதக்காரரின் சோர்ந்த கையைப் பிடித்து இழுப்பவர் என்றால் வந்த ஓட்டோவிலேயே திருப்பி அனுப்புங்கள், தோள்மூட்டு விலகிவிடும். உங்கள் அப்பா விஷயத்தில், திடீரென்று வியர்த்து நடுங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். சீனி இறங்கியிருக்கும், நினைவு இருந்தால் உடனே சீனித்தண்ணி கொடுப்பேன், நினைவு இல்லையென்றால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 1990 அம்புலன்சுக்கு அடிப்பேன் என்று சொல்பவர் வேலை தெரிந்தவர். 'உங்களைக் கூப்பிடுவேன்' என்று மட்டும் சொன்னால், அந்தக் காசுக்கு நீங்களே இருந்து பார்க்கலாம்.

நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள், அனுப்பியவரின் தகுதி என்ன என்று. இல்லாத தகுதியைச் சொல்லிச் சேவை விற்பது மேலே சொன்ன அதே சட்டத்தின் கீழ் குற்றம். விளம்பரத் துண்டு வைத்திருக்கிறீர்களா? எறிந்துவிடாதீர்கள்.

இங்கே வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களைப் பரிசோதித்துத் தரம் போடுகிறார்கள். அங்கே யார் பார்ப்பது? மாமி கிளிநொச்சியில் தனியே. அறையில் கமெரா பூட்டினால் போதுமா? — லண்டனிலிருந்து ஒரு மருமகள்

இங்கிலாந்தில் 2009 முதல் பராமரிப்புத் தர ஆணைக்குழு அந்த வேலையைச் செய்கிறது. மிகச் சிறப்பு, நன்று, திருத்தம் தேவை, போதாது என்று நாலு தரம், எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள். அங்கேயும் தரத்தை மட்டும் பார்க்காமல் எந்த வருடம் பரிசோதித்தது என்பதையும் பாருங்கள்.

இங்கே நான் கேட்ட நிறுவனங்கள் பெருமையோடு எடுத்துக் காட்டியது வியாபாரப் பெயர்ப் பதிவு. அந்தப் பெயர் அவருடையது என்பதற்கு அது அத்தாட்சி. அவர் அனுப்பும் ஆளுக்கு நோயாளியைப் புரட்டத் தெரியுமா என்பதற்கு இல்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 60 வயது தாண்டியவர்களுக்கு உண்டு, பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்துக்கென்று உத்தியோகத்தரும் உண்டு. மாமிக்கு முதியோர் அடையாள அட்டை எடுத்தாயிற்றா? எடுக்கப் போகும்போது அந்த உத்தியோகத்தரைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பிறகு உதவும். ஆனால் பெரியம்மா படுத்திருந்த இரண்டு வருடத்தில் எங்கள் படலையைத் திறந்து, 'எப்படிப் பார்க்கிறார்கள்?' என்று கேட்டு வந்த அதிகாரி ஒருவரையும் நான் காணவில்லை.

ஆகவே பரிசோதகரை நீங்கள்தான் நியமிக்க வேண்டும். பக்கத்து ஊரில் ஒரு சித்தியோ மச்சாளோ இருப்பார் அல்லவா? மாதம் ஒரு தொகை கொடுத்து, சொல்லாமல் கொள்ளாமல் போய் வரச் சொல்லுங்கள். ஒரு நாள் மத்தியானம், ஒரு நாள் இரவு ஒன்பது மணி. போனவர் முன்விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வரக்கூடாது. மாமியின் குதிக்கால், இடுப்பு, முதுகின் அடி எலும்பு இந்த இடங்களைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சிவந்து, அமுக்கினாலும் அந்தச் சிவப்பு மாறாமல் இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. படுக்கை விரிப்பை முகர்ந்து பார்க்க வேண்டும். மருந்துப் பெட்டியில் குளிசைகளை எண்ண வேண்டும்.

கமெரா முதுகுப் புண்ணைக் காட்டாது. மாமியைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுவதை லண்டனில் ஐந்து பேர் கைபேசியில் பார்ப்பதும் சரியில்லை. கட்டாயம் வேண்டுமென்றால் வாசலில் பூட்டுங்கள், வேலைக்கு வருபவரிடம் சொல்லிவிட்டுப் பூட்டுங்கள். மாமியைக் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை.

முகநூலில் பார்த்து ஒருவருக்கு 85,000 ரூபாய் வங்கியில் போட்டோம். ஆள் வரவில்லை. இலக்கமும் வேலை செய்யவில்லை. அவருடைய முழுப்பெயர் தெரியாது. விலாசமும் வாங்கவில்லை. என்ன செய்யலாம்? — விசுவமடு

ஆட்டுக்குட்டி வாங்கப் போனால் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறோம். பெற்ற தாயைப் பார்க்க ஆள் பிடிக்கும்போது பெயரைக்கூடக் கேட்கவில்லை என்று எழுதுகிறீர்கள். 85,000! அடையாள அட்டைப் பிரதி, விதானையார் கொடுத்த நற்சான்று, முன்பு வேலை செய்த வீட்டின் தொலைபேசி இலக்கம், இந்த மூன்றும் கேட்க ஒரு சதம் செலவில்லை.

வங்கித் துண்டையும் பேசிய செய்திகளையும் எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போங்கள். கணக்கு யாருடையது என்பது வங்கிக்குத் தெரியும். இன்றைக்கே போங்கள்.

நான் பராமரிப்பு வேலைக்குப் போகிறவள். நிறுவனம் வீட்டுக்காரரிடம் நாளுக்கு 2,500 வாங்கி எனக்கு 1,100 தருகிறது. போன வீட்டில் ஐயாவைப் பார்ப்பதோடு எட்டுப் பேருக்குச் சமையல், மாட்டுக்குத் தண்ணி, இரவில் ஐயா இருமினால் எழும்ப வேண்டும். இரண்டு மாதச் சம்பளம் நிலுவை. நான் எழுதலாமா? இது வாங்குபவர்களின் பக்கம் அல்லவா? — ஒட்டுசுட்டான்

தாராளமாக எழுதலாம், தங்கச்சி. ஏமாற்றப்பட்டவர் எந்தப் பக்கம் நின்றாலும் இந்தப் பக்கம் அவருக்குத்தான்.

நீங்கள் நிறுவனத்தின் ஆள் என்றால் உங்கள் முதலாளி நிறுவனம்தான். ஊழியர் சேமலாப நிதிக்கு அவர்கள் பங்கு 12 வீதம், உங்கள் பங்கு 8 வீதம். கட்டுகிறார்களா என்று கேளுங்கள். எந்தத் தேதியில் எந்த வீட்டில் எத்தனை மணித்தியாலம் நின்றீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி, அதோடு தொழில் திணைக்களத்தின் அலுவலகத்துக்குப் போங்கள். கொப்பி இல்லாமல் போனால் பேச்சு எடுபடாது.

வீட்டுக்காரர்களுக்கு: நீங்கள் வாங்கியது ஐயாவைப் பார்க்கும் சேவை. மாடு அந்த விலைக்குள் இல்லை. இரவு முழுக்க எழும்பியவர் காலையில் மருந்தை மாற்றிக் கொடுத்தால் யாரைக் குறை சொல்வீர்கள்? இரவுக்கு வேறு ஆள் வையுங்கள், அல்லது முறை போட்டு நீங்கள் எழும்புங்கள்.

அம்மாவைப் பார்க்கிற பெண்ணுக்குப் பொங்கலுக்குச் சேலை கொடுப்பதா, காசு கொடுப்பதா? — துணுக்காய்

மூன்று நாள் லீவு கொடுங்கள், சம்பளத்தோடு.

இஸ்ரேலில் முதியோர் பராமரிப்பு வேலை, பயிற்சிக்கும் விசாவுக்கும் மூன்று இலட்சம் என்கிறார் முகவர். — செட்டிகுளம்

கட்ட முன் 1989க்கு அழைத்து, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டிய பின் எனக்கு எழுத வேண்டாம்.

அப்பாவுக்குப் படுக்கைப்புண் வராமல் காற்று மெத்தை வாங்கலாம் என்கிறார்கள். எது நல்லது? சக்கரக் கதிரையும் வேண்டும். — மாங்குளம்

மெத்தை உதவும். ஆனால் மெத்தை வாங்கினால் புரட்டத் தேவையில்லை என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆளைப் புரட்டித்தான் ஆக வேண்டும். வாங்கும்போது பம்பைக் கடையிலேயே அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள், சத்தம் கேளுங்கள். எத்தனை கிலோ தாங்கும் என்று பாருங்கள். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் போடாமல் வெளியே வராதீர்கள். உங்கள் பக்கம் கறண்ட் அடிக்கடி போகுமென்றால், நின்ற பிறகு எவ்வளவு நேரம் காற்று நிற்கும் என்றும் கேளுங்கள்.

சக்கரக் கதிரைக்கு ஒரே ஆலோசனை, அளவு நாடாவோடு போங்கள். நான் வாங்கியது 26 அங்குல அகலம். எங்கள் குளியலறைக் கதவு 24. பெரியம்மாவைக் கதவு வரைக்கும் ராணி மாதிரி தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து இரண்டு பேர் தூக்கினோம்.

மெத்தையும் வாங்கினேன், முத்திரை போடாத அட்டையோடுதான். ஒன்பதாம் நாள் பம்பு நின்றது. கடைக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எங்கள் கடையா என்று கேட்டார். மீன்தொட்டிக்குக் காற்று விட உதவும் என்று மருமகன் கழற்றிக்கொண்டு போனான். அதற்கும் உதவவில்லை.