ஐந்து வருடத்துக்கு ஒரு அணி

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். என்னோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் செவிலியர்கள் சாப்பாட்டு இடைவேளையில் போனில் பெண்கள் வாலிபால் பார்ப்பார்கள். கல்லூரி மாட்ச்தான், ஆனால் அரங்கம் கொள்ளாத கூட்டம். பாதி பச்சை, பாதி நீலம். பச்சை அணியின் பயிற்சியாளர் பெயர் ரமில் டி ஹெசுஸ், 12 சாம்பியன் பட்டம் வாங்கியவர் என்றார்கள்.

நானும் ஆடியவன்தான். மாவட்ட அணிக்கு மேல் போகவில்லை, அதற்குள் முட்டி போய்விட்டது. இப்போது எங்கள் பேட்டையின் சமூக மன்றத்தில் பள்ளிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிடுகிறார்கள். பெரிய ஆட்டக்காரனாக வராதவன் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்களா? அந்த மனிதரைப் பற்றி எழுதுங்களேன்.

கே.

அன்புள்ள கே.,

போய்ச் சொல்லிக்கொடுங்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

ரமில் டி ஹெசுஸ் மணிலாவின் ஃபார் ஈஸ்டர்ன் பல்கலைக்கழக அணியில் ஆடியவர். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அதே நகரத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான டி லா சாலுக்குப் பெண்கள் அணியின் பயிற்சியாளராக வந்தார். 1999இல் முதல் பட்டம். அவர் ஆடிய காலத்தைப் பற்றி இன்று யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பேச்செல்லாம் அதற்குப் பின்னால் வந்ததைப் பற்றித்தான். உங்கள் கேள்விக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

உங்கள் தோழிகள் பார்ப்பது யுஏஏபி என்னும் பல்கலைக்கழகப் போட்டி. எட்டுப் பல்கலைக்கழகங்கள் ஆடுகின்றன. பச்சை டி லா சால், நீலம் அட்டனேயோ. இறுதிப் போட்டிக்கு இருபதாயிரம் பேர்வரை வருவார்கள். வாலிபாலில் அந்த நாட்டுக்குப் பழைய உரிமையும் உண்டு. 1910 வாக்கில் ஒய்எம்சிஏ மூலம் அங்கே போன விளையாட்டு இது. ஒருவர் பந்தை உயரத் தூக்கிக் கொடுக்க, இன்னொருவர் ஓங்கி அடிக்கும் முறை 1916 வாக்கில் அங்கேதான் உருவானது என்று வாலிபால் வரலாறு சொல்கிறது. அந்த அடிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பொம்பா’. நாம் ஸ்மாஷ் என்று கத்தும்போதெல்லாம் அவர்களுக்குக் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறோம்.

டி ஹெசுஸின் பட்டங்களை வருடவாரியாகப் பாருங்கள். 1999. பிறகு 2004, 2005, 2006. பிறகு 2009. 2011, 2012, 2013. மறுபடி 2016, 2017, 2018. பிறகு 2023. தொடர்ந்து மூன்று பட்டம் என்பது மூன்று தடவை நடந்திருக்கிறது, மூன்று தடவையும் பெரும்பாலும் வேறு வேறு பெண்கள். யுஏஏபியில் ஒரு மாணவி ஐந்து பருவம்தான் ஆடலாம். அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் நல்ல செட்டர் ஒருத்தி தயாராகி, அவள் விரலிலிருந்து பந்து எங்கே போகும் என்று எதிரணிக்குத் தெரியாமல் போகிற நேரத்தில் படிப்பை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். பணம் கொடுத்து நிறுத்திவைக்க முடியாது. அந்த இடத்துக்குப் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி வருவாள், முதல் நாள் சர்வீஸை வலையில் போடுவாள். மறுபடி ஆரம்பத்திலிருந்து.

எனக்கு அவர்மேல் உள்ள மரியாதை இந்த இடத்தில்தான். ஒரே ஒரு அபூர்வமான ஆட்டக்காரி கிடைத்தால் யாரும் ஒரு பட்டம் வாங்கலாம். 2023இல் கோப்பையைத் தூக்கிய பெண்களில் பலர் 1999இல் பிறக்கவே இல்லை. நடுவில் எத்தனை தடவை அந்த அணி கலைந்து கூடியிருக்கும்!

தோல்விகளையும் சொல்ல வேண்டும். 2006இல் தொடர்ந்து மூன்றாவது பட்டம் வாங்கிய கையோடு, மறுவருடம் ஆடவே முடியவில்லை. ஆண்கள் கூடைப்பந்து அணியில் தகுதியில்லாதவர்கள் ஆடிய விவகாரத்தில் பல்கலைக்கழகம் முழுவதுக்கும் ஒரு வருடத் தடை. வாலிபால் பெண்கள் செய்த தப்பு எதுவும் இல்லை. ஐந்து வருடத்தில் ஒரு வருடம் அப்படியே போயிற்று. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் 2014. லீக் சுற்றின் 14 ஆட்டங்களிலும் டி லா சால் வென்றது. அப்படி வென்றால் நேராக இறுதிப் போட்டி, கூடவே ஒரு சலுகை: அவர்களுக்கு இரண்டு வெற்றி போதும், எதிரணிக்கு மூன்று வேண்டும். எதிரே அட்டனேயோ. தாய்லாந்திலிருந்து வந்த தாய் பண்டிட் என்ற பயிற்சியாளருக்கு அங்கே அதுதான் முதல் பருவம். தோற்றுக்கொண்டிருக்கும்போதும் சிரித்து ஆடச் சொல்கிறவர் அவர். அலிஸா வால்டெஸ் அடிக்க அடிக்க, டி லா சாலின் 30 ஆட்ட வெற்றித் தொடர் அறுந்தது. நான்கு ஆட்டங்களில் மூன்றை வென்று அட்டனேயோ தன் முதல் பட்டத்தை எடுத்துக்கொண்டது. மறுவருடமும் அவர்களே, அதுவும் ஒரு தோல்விகூட இல்லாமல்.

அந்த 2015இல்தான் அரையிறுதியில் டி லா சாலின் முக்கிய அட்டாக்கர் ஆரா காலாங் முட்டியில் அடிபட்டு விழுந்தார். தசைநார் கிழிந்துவிட்டது. உங்களுக்கு அந்த வலியை நான் விளக்க வேண்டியதில்லை. அவர் மறுவருடம் திரும்பி வந்தார். முன்பு போலத் தாவ முடியாத முட்டி அது. அணி அவர் ஒருவரை மட்டும் நம்பி நிற்காதபடி வேலை ஏற்கெனவே நடந்திருந்தது. 2016இல் அட்டனேயோவை வென்று, தன் கடைசிப் பருவத்தைப் பட்டத்தோடு முடித்தார்.

டி ஹெசுஸின் முறையை ‘சிஸ்டம்’ என்பார்கள். கேட்க இயந்திரம் மாதிரி இருக்கும். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பார்க்கிறவர்கள் கைதட்டுவது அடிக்கிற பெண்ணுக்கு. டி ஹெசுஸின் கவனம் அதற்கு முன்னால் நடப்பதில்: சர்வீஸ் எங்கே விழ வேண்டும், எதிரணியின் அடியை வலையருகே கைதூக்கித் தடுக்கும் பிளாக்குக்கு இரண்டு பேர் சேர்ந்து எழும்போது நடுவில் சந்து விடாமல் எப்படி எழ வேண்டும், பிளாக்கைத் தாண்டி வரும் பந்துக்கு யார் எங்கே நிற்க வேண்டும். டி லா சாலில் ஆடிய டான் மகாண்டிலியைப் பாருங்கள். உயரம் ஐந்தடியை ஒட்டித்தான். வலைக்கு மேலே அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் லிபரோ, அதாவது பின்வரிசையில் நின்று பந்தை எடுப்பதற்கென்றே இருப்பவர்; விதிப்படி வலைக்கு மேலே இருக்கும் பந்தை அவர் எதிரணி பக்கம் அடிக்கவும் கூடாது. எதிரணி பெண் கையை ஓங்கும்போதே தோளைப் பார்த்து ஓரடி நகர்ந்துவிடுவார். பந்து வரும்போது முன்கை அங்கே தயாராக இருக்கும். ‘இனி இல்லை’ என்று அரங்கமே எழுந்த பந்து செட்டரின் தலைக்கு மேல் மெதுவாக வந்து நிற்கும். 2018 இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரி என்று தேர்ந்தெடுத்தது அவரைத்தான், ஒரு புள்ளிகூட அடித்து எடுக்க வேண்டியிராத பெண்ணை. அந்த இறுதியில் தோற்ற அணி எது தெரியுமா? ஃபார் ஈஸ்டர்ன், டி ஹெசுஸ் படித்து ஆடிய இடம்.

2023 இறுதிப் போட்டியில் அவர் பெஞ்சில் இல்லை. துணைப் பயிற்சியாளர் நோயல் ஒர்குல்லோ அணியை நடத்தினார். முந்தைய வருடம் ஒரு ஆட்டமும் தோற்காமல் பட்டம் வாங்கிய நேஷனல் பல்கலைக்கழகத்தை நேர் ஆட்டங்களில் வென்றார்கள். பருவத்தின் சிறந்த ஆட்டக்காரி ஏஞ்சல் கனினோ, அறிமுகப் பருவத்திலேயே.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் கேட்பார்களா என்கிறீர்கள். நீங்கள் எந்த அளவில் ஆடினீர்கள் என்று முதல் வாரம் கேட்பார்கள், ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். இரண்டாவது வாரம் அவர்கள் பார்ப்பது, தங்கள் பந்து ஏன் வலையில் விழுகிறது என்று உங்களுக்குத் தெரிகிறதா என்பதை மட்டும்தான். அது உங்களுக்குத் தெரியும். முட்டி போன பிறகு ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள் இல்லையா, அந்த நாட்களில் கண்ணில் பட்டதை எல்லாம் எழுதி வையுங்கள்.

ஒன்று மட்டும் என் ஆசையாகச் சொல்கிறேன். அந்தக் கூட்டத்தில் குள்ளமாக ஒரு பெண் இருப்பாள், தன்னை எதற்கும் எடுக்க மாட்டார்கள் என்று பின்னால் நிற்பாள். முதல் நாளே அவளைக் கூப்பிட்டுப் பின்வரிசையின் நடுவில் நிறுத்தி, பத்துப் பந்து அடித்துப் பாருங்கள். எத்தனையை எடுத்தாள் என்று எனக்கு எழுதுங்கள்.