மாமா கேட்பது இன்ஜினியர் மருமகள். பிள்ளை கேட்பது ஸ்குரூ டிரைவர்

அம்மா, மகளை இன்ஜினியரிங் சேர்க்கக் கடன் வாங்கலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆறுதலுக்கு நாலு வரி எழுதிவிடலாம்தான். ஆனால் திங்கட்கிழமை வங்கியில் கையெழுத்துப் போடப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் நேராகவே சொல்கிறேன்: போடாதீர்கள்.

நீங்கள் எழுதியதை வைத்தே பேசுவோம். மதுரைக்குப் பக்கத்தில் செக்கானூரணியில் வீடு, ஒரு ஏக்கர் மல்லிகைத் தோட்டம். மகள் பிளஸ் டூவில் 600க்கு 421. கணிதம் 58, இயற்பியல் 61, வேதியியல் 64, கம்ப்யூட்டர் சயின்ஸ் 94. உங்கள் தம்பி, அதாவது பிள்ளைக்குத் தாய்மாமன், பெங்களூரிலிருந்து ஒரே பிடியாக நிற்கிறார்: மேனேஜ்மென்ட் கோட்டாவில் பி.இ., அதுவும் செயற்கை நுண்ணறிவுப் பிரிவு. ஆண்டுக்கு ஒன்றே முக்கால் லட்சம் கட்டணம், ஹாஸ்டல் தனி.

கணக்கைப் பார்ப்போம். நாலு வருடக் கட்டணம் 7 லட்சம். அதைக் கல்விக் கடனாக 11 சதவீத வட்டிக்கு வாங்கினால், படிக்கும் நாலு வருடத்துக்கான தனிவட்டியே 1.9 லட்சத்தைத் தாண்டும். படித்து முடித்த மறுமாதமே கட்டத் தொடங்கினாலும் ஏழு வருடத்துக்கு மாதம் 15,000 ரூபாய்க்கு மேல் தவணை. ஹாஸ்டலை இன்னும் சேர்க்கவில்லை. இந்தக் கடனுக்குத்தான் தோட்டத்தை அடமானம் வைக்க யோசிக்கிறீர்கள். காதுகுத்துக்கும் சடங்குக்கும் சீர் கொண்டுவர மாமா இருப்பார். மாதா மாதம் ஐந்தாம் தேதி தவணைக்கு யார் வருவார் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

பிள்ளை ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன். 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மெட்ரிக் பள்ளியில் படித்ததால் அந்த வாசல் இல்லை. கட்-ஆஃப் போட்டுப் பார்த்தால் கணிதம் 58, இயற்பியலில் பாதி 30.5, வேதியியலில் பாதி 32, 200க்கு 120.5. இதில் என்னை உறுத்துவது மொத்தம் அல்ல, அந்த 58தான். பொறியியலில் முதல் வருடமே கணிதத்தில்தான் பிள்ளைகள் அரியர் வைக்கிறார்கள். கணக்கைக் கண்டாலே ஒதுங்குகிற பிள்ளையைக் கணக்கே அடிப்படையான செயற்கை நுண்ணறிவுப் படிப்பில் கொண்டுபோய்த் தள்ளுவது எந்த ஊர் நியாயம்?

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் இரண்டு விஷயங்களைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். தெருமுனை இ-சேவைக் கடையில் பிரின்டர் மக்கர் செய்தால் இவளைத்தான் கூப்பிடுகிறார்கள். சாயந்திரம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் இவளிடம் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள், 'படிக்கிற நேரம் வீணாகிறது'. எனக்கு அந்த இரண்டும்தான் கண்ணில் பட்டன. பழுது பார்க்கவும் வரும், சொல்லிக்கொடுக்கவும் வரும் என்றால் அதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது. வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி., இலந்தைக்குளம் எல்காட் ஐ.டி. பூங்கா என்று ஊரே சொல்கிற வழிகளை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் லேப் பற்றிச் சொல்கிறேன்.

மேல்நிலைப் பள்ளி லேப் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 20 சிஸ்டம், 40 பிள்ளைகள், 45 நிமிடப் பீரியட். உள்ளே வந்ததும் மூன்று பேர் 'மிஸ், நெட் வரலை' என்பார்கள். மூன்றும் ஒரே நோய் அல்ல. முதல் சிஸ்டத்தில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று எச்சரிக்கை வருகிறது. மூலையில் தேதியைப் பார்த்தால் 2015. மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. கரண்ட் போகும்போதெல்லாம் தேதி பின்னால் போகிறது. தேதி தப்பாக இருந்தால் தளங்களின் சான்றிதழ் செல்லாது. ஐம்பது ரூபாயை ஒட்டிய செலவு. இரண்டாவது சிஸ்டத்தின் ஐ.பி. முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதன் அடையாள எண், 169.254 என்று தொடங்குகிறது. ரூட்டரிடமிருந்து முகவரியே வாங்கவில்லை என்று அர்த்தம். கேபிளையோ, எல்லா சிஸ்டத்தையும் இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சில் அது செருகியிருக்கும் துளையையோ பார்க்க வேண்டும். மூன்றாவதில் யாரோ போன வாரம் கையால் கொடுத்த ஐ.பி., பக்கத்து சிஸ்டத்தோடு மோதுகிறது.

இன்னொரு நாள் லேப் முழுக்க நெட் செத்துக் கிடக்கும். சுவிட்சில் எல்லா விளக்கும் ஒரே வேகத்தில் படபடவென்று மின்னும். பெருக்கும்போது கழன்ற கேபிளை யாரோ நல்லெண்ணத்தில் செருகி வைத்திருப்பார்கள், இரண்டு முனையையும் அதே சுவிட்சில். தகவல் உள்ளுக்குள்ளேயே வட்டமடித்து அத்தனை பேரையும் அடைத்துவிடும். ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிக்கொண்டே வந்தால், எதை எடுத்ததும் விளக்கு நிதானமாகிறதோ அதுதான் குற்றவாளி. தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. தெரியாத பள்ளி, சர்வீஸ் ஆள் வரும்வரை இரண்டு நாள் லேபைப் பூட்டி வைக்கும்.

இவள் இப்போதே பழகக்கூடிய வேலையும் உண்டு. கேட்-6 நெட்வொர்க் கேபிளுக்கு முனை அடிப்பது, அதாவது நுனியில் கனெக்டர் மாட்டுவது. வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். நூறு மெகாபிட் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நாலு கம்பி போதும். ஜிகாபிட்டுக்கு, அதாவது ஆயிரம் மெகாபிட்டுக்கு, எட்டும் வேண்டும். அதனால்தான் பிரவுன் கம்பி ஒன்று சரியாகக் கடிக்காவிட்டால், நெட் வரும், ஆனால் வேகம் பத்தில் ஒன்றாகிவிடும். புதிதாக அடிப்பவர்கள் செய்யும் தப்பு, முறுக்கை அதிக நீளத்துக்குப் பிரித்துவிடுவது. அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. வெளித்தோலும் கனெக்டருக்குள் போய்ப் பிடிபட வேண்டும், இல்லாவிட்டால் நாலு முறை இழுத்ததும் கம்பி வெளியே வரும். ஒரு கேபிளின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது.

கேபினெட்டைத் தொட்டால் சுரீரென்கிறதா, அது கம்ப்யூட்டர் கோளாறு இல்லை, எர்த் கோளாறு. மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். அதில் மட்டும் இவள் கை வைக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்பது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி, இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். பள்ளிகளில் கிடப்பதோ பெரும்பாலும் அதற்கு முந்தியவை. விற்பனையாளர் வந்து '20 சிஸ்டமும் புதுசு வாங்குங்க' என்பார். விவரமானவர் இருந்தால், ஒவ்வொன்றிலும் பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதில் வேகமான 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போட்டு, விண்டோஸுக்குப் பதில் இலவசமான உபுண்டு ஏற்றி, பாடத்துக்கு வேண்டிய பைத்தானும் மைஎஸ்க்யூஎல்லும் ஓட்டிக் காட்டுவார். பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடத்துக்கு அது தாராளம். ஒரு தாளாளருக்கு இதைவிடப் பிடித்த ஆசிரியர் கிடைக்க மாட்டார்.

இது பாதி வேலை. மறுபாதி வகுப்பு. பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான். இரண்டு எண்ணை வாங்கிக் கூட்டும் நிரலை எழுதிவிட்டு, 5, 5 கொடுத்தால் 55 வருகிறது என்று பிள்ளைகள் முழிப்பார்கள். இன்புட்டில் வாங்குவதெல்லாம் எழுத்துச் சரமாகத்தான் வரும், இன்ட் போட்டு மாற்றினால்தான் எண் என்று வாயால் சொன்னால் மறந்துவிடும். 55ஐ அவர்களே வரவைத்துப் பார்த்த பிறகு சொன்னால் மறக்காது. ஒரு சிஸ்டத்துக்கு இரண்டு பேர் என்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கீபோர்டைக் கை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை மட்டுமே தட்டிக்கொண்டிருக்கும். பொதுத்தேர்வில் 70 எழுத்து, 20 செய்முறை, 10 அகமதிப்பீடு. செய்முறைத் தேர்வன்று காலையில் நாலு சிஸ்டம் படுத்துக்கொண்டால், வேர்க்காத ஒரே ஆள் இப்படிப்பட்ட ஆசிரியர்தான்.

வழி என்ன? மதுரையில் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். அரசுக் கல்லூரி என்றால் ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி போன்றவை. விண்ணப்பம் அரசின் ஒரே இணையதளத்தில். உதவிபெறும் கல்லூரிகளில் ஒரு சூட்சுமம்: கல்லூரி பெயர் எய்டட், ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில் இருக்கும். கட்டணம் அதற்கேற்ப. விண்ணப்பம் வாங்கும்போதே 'எந்தப் பிரிவு' என்று கேளுங்கள்.

பட்டத்தின் பெயரிலும் கவனம். டேட்டா சயின்ஸ், செயற்கை நுண்ணறிவு என்று பளபளப்பான பி.எஸ்சி.கள் வந்திருக்கின்றன. ஆசிரியர் பணிக்கு வரும்போது 'இது கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இணையானதா' என்ற கேள்வி எழும், அரசாணையைத் தேடி அலைய வேண்டிவரும். சாதாரணப் பெயரே நல்லது. இளநிலை, முதுநிலை இரண்டும் ஒரே பாடமாக இருக்கட்டும். இரண்டும் வேறு வேறு பாடம், அதாவது 'கிராஸ் மேஜர்', என்பதால் தகுதி இழந்தவர்கள் ஏராளம்.

அரசுப் பள்ளியில் பணி என்றால் பதவி கம்ப்யூட்டர் இன்ஸ்ட்ரக்டர் கிரேடு-1. முதுநிலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். பி.எஸ்சி. மூன்று, எம்.எஸ்சி. இரண்டு, பி.எட். இரண்டு: ஏழு வருடம். மறைக்க விரும்பவில்லை. ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வில் 150 கேள்வி. பாடம் 110, கல்வியியல் 30, பொது அறிவு 10. தமிழ்த் தகுதித் தாள் தனி, அதில் 50க்கு 20 வாங்காவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள். சம்பளம் 36,900 ரூபாய் அடிப்படையில் தொடங்குகிறது. ஆனால் அறிவிப்பு வருடாவருடம் வராது: 2019இல் வந்தது, பிறகு 2021, அதன் பிறகு 2025. அதை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கும் திட்டத்துக்கு நான் உடன்பட மாட்டேன். கிடைத்தால் கிடைக்கட்டும்.

அதற்கு முன்பே, மூன்றாம் வருடம் முடிந்ததும் வேலைக்குப் போகலாம். ஊரைச் சுற்றி சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பெருகிவிட்டன, ஒன்பது, பத்திலேயே கம்ப்யூட்டர் பாடங்கள் உண்டு. லேப் பொறுப்பும் கீழ்வகுப்புப் பாடமும் சேர்த்துப் பார்க்க ஆள் தேடுகிறார்கள். கேந்திரிய வித்யாலயாவிலும் ஒப்பந்தக் கம்ப்யூட்டர் பயிற்றுநர்களை நேர்காணலில் எடுக்கிறார்கள். தனியார் பள்ளியில் தொடக்கச் சம்பளம் குறைவு, 15,000 ரூபாய்க்குள் நின்றுவிடுவதும் உண்டு. ஆனால் கழுத்தில் தவணை இல்லாதவளுக்கு அந்த 15,000 முழுசாகக் கையில் நிற்கும். பள்ளி நேரம் போக, அக்கம்பக்கத்துக் கடைகளின் பில்லிங் மெஷின், கேமரா, சின்னப் பள்ளிகளின் லேப் என்று ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுக்கலாம். வேலையோடு எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் முடிக்க நினைத்தால், பி.எட். வருகைப்பதிவு கேட்கும் முழுநேரப் படிப்பு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. அரசுப் பள்ளி ஹைடெக் லேப்களில் ஏஜென்சி மூலம் ஒப்பந்தத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். 'இரண்டு லட்சம் கொடுங்க, பின்னாடி பர்மனென்ட் ஆக்கிடுவாங்க' என்று ஒருவர் கண்டிப்பாக வீடு தேடி வருவார். ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அதேபோல் ஹார்டுவேர் கோர்ஸுக்கு ஐம்பதாயிரம், அறுபதாயிரம் கேட்கும் சென்டர்களும் வேண்டாம். பழைய டெஸ்க்டாப் ஒன்று ஏழெட்டாயிரத்துக்கு வாங்கிக் கொடுங்கள், கழற்றி மாட்டட்டும். கிரிம்பிங் டூல், கேபிள் டெஸ்டர், மல்டிமீட்டர், நல்ல ஸ்குரூ டிரைவர் செட், எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி வரும். நெட்வொர்க் பழகச் சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம்.

'பொம்பளப் பிள்ளை ஸ்குரூ டிரைவரைத் தூக்கிக்கிட்டு அலையுறதா' என்று மாமா கேட்டாராம். அவர் பிள்ளைகள் படிக்கும் பள்ளி லேபில் சிஸ்டம் கெட்டால் யார் பார்க்கிறார்கள் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் இதில் வாதாட ஒன்றுமில்லை. பிள்ளையிடம் இன்னும் ஒருவரும் கேட்கவில்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. இன்று ராத்திரி, மாமாவைப் போனில் வைத்துக்கொள்ளாமல், அவளிடம் தனியாகக் கேளுங்கள். 'எனக்கு இன்ஜினியரிங்தான் வேணும், கணக்கை ராப்பகலா உட்கார்ந்து பிடிச்சிருவேன்' என்று அவளே சொன்னால் அது வேறு பேச்சு. அப்போதும் கவுன்சலிங் இடம்தான், மேனேஜ்மென்ட் கோட்டா இல்லை, தோட்டப் பத்திரமும் பீரோவை விட்டு வெளியே வரக்கூடாது.

கடைசியாக, கல்லூரியில் டோக்கன் அட்வான்ஸ் 25,000 கட்டியிருப்பதாகச் சொன்னீர்கள். 'போனால் திரும்பாது' என்று அங்கே சொல்லியிருப்பார்கள். வகுப்பு தொடங்கும் முன் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும் என்பது பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. விலகல் கடிதத்தை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால். மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் அசலாகக் கொடுத்திருந்தால் அன்றைக்கே கையோடு வாங்கி வந்துவிடுங்கள். பி.எஸ்சி. சேர்க்கைக்கு அவை அசலாகவே வேண்டும்.