வீட்டு மெஷினா, கிளினிக் லேசரா? நாடி முடிய மட்டும் தனியா பாரு தங்கச்சி

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயசு. மாநிறத்தவிட கொஞ்சம் கருப்பா இருப்பேன். கை, கால்ல முடி ஜாஸ்தி. அதுகூட பரவால்ல, ரெண்டு வருஷமா நாடியிலயும் தாடைக்கு அடியிலயும் கெட்டி முடியா வருது, தினம் காலைல ட்வீசர் வெச்சு பிடுங்கிட்டுதான் வெளிய போறேன். அண்ணி வீட்டுக்கு வாங்கின, வெளிச்சத்தால முடி எடுக்கிற ஐபிஎல் மெஷின் சூப்பரா இருக்கு, எடுத்து யூஸ் பண்ணுன்னு சொல்றாங்க, அவங்க நல்ல சிவப்பு. என் ஃப்ரெண்ட் ஒருத்தி கிளினிக் போயி காலெல்லாம் கட்டம் கட்டமா கருப்பு விழுந்து வந்தா, அதுல இருந்து எனக்கு கிளினிக்னாலே பயம். எதுக்கு போகட்டும்? - பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்ட ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த ட்வீசர கீழ வை. லேசரோ ஐபிஎல்லோ எதுவா இருந்தாலும் முடிக்குள்ள இருக்கிற கருப்பு நிறத்த பிடிச்சுதான் சூடு வேர் வரைக்கும் இறங்கும், வேரோட பிடுங்கிட்டா அந்த ஒளிக்கு பிடிக்க அங்க ஒண்ணுமே இருக்காது. ட்ரீட்மென்ட்டுக்கு முன்னாடி நாலு ஆறு வாரமாவது பிடுங்காம, வேக்ஸ் பண்ணாம, த்ரெட்டிங் பண்ணாம இருக்கணும். அதுவரைக்கும் என்ன பண்றதுன்னா ஷேவ் பண்ணு, முகத்துலயும் பண்ணலாம், ஷேவ் பண்ணா முடி கெட்டியா வளரும்னு சொல்றதுல உண்மை இல்ல, நுனி மழுங்கலா வெட்டுப்பட்டு இருக்கிறதால கைக்கு சொரசொரன்னு படுது, அவ்வளவுதான்.

இப்ப உன் கேள்விக்கு வரேன். வீடா கிளினிக்கான்னு நீ கேட்டிருக்க, ஆனா உன் விஷயத்துல அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது ரெண்டு, ஒண்ணு உன் தோல் நிறம், இன்னொண்ணு அந்த நாடி முடி. அண்ணிக்கு ஒத்து வந்தது உனக்கு ஒத்து வரணும்னு அவசியமே இல்ல, ஏன்னா அந்த மெஷினுக்கு அண்ணி யாரு நீ யாருன்னு தெரியாது, கருப்பு எங்க இருக்கோ அங்க சூடு போகும். அண்ணி தோல்ல நிறமி கம்மி, அதனால சூடு மொத்தமும் முடிக்கு போகுது. உனக்கு தோல்லயே மெலனின்ங்கிற அந்த கருப்பு நிறமி இருக்கு, அதுவும் ஒரு பங்கு சூட்ட வாங்கிக்கும், அந்த பங்கு அதிகமானா அதுதான் புண்ணு, கொப்புளம், அப்புறம் மாசக்கணக்குல போகாத கருப்பு. உன் ஃப்ரெண்டுக்கு நடந்தது இதுதான். கட்டம் கட்டமான்னு நீ எழுதியிருக்கியே, மெஷினோட முனை என்ன வடிவமோ அந்த வடிவத்துலயே தோல் சுட்டிருக்கு. ஐபிஎல் கைப்பிடி பெரும்பாலும் நீள்சதுரமா இருக்கும், அதனால லேசர்னு சொல்லி ஐபிஎல் பண்ணியிருப்பாங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம், ஆனா சில டையோடு லேசருக்கும் சதுர முனை உண்டு, அதனால அடிச்சு சொல்ல மாட்டேன்.

இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சுக்கோ, பணம் கட்டுறதுக்கு முன்னாடி இது தெரிஞ்சா பாதி ஏமாற்றம் தப்பும். லேசர்னா ஒரே அலைநீளம், அதாவது ஒரே வகை ஒளி. லேசர்லயும் வகை உண்டு, அலெக்ஸாண்ட்ரைட் 755 நானோமீட்டர், டையோடு 800ல இருந்து 810 வரைக்கும், என்டி யாக் 1064. ஐபிஎல் லேசரே கிடையாது, ஏறக்குறைய 500ல இருந்து 1200 வரைக்கும் கலந்து வர்ற பளிச்சுனு ஒரு வெளிச்சம், அதுல ஃபில்டர் போட்டு கொஞ்சத்த வெட்டி அனுப்புவாங்க. அலைநீளம் கூட கூட மெலனின் அத இழுக்கிறது குறையும், ஆழமாவும் போகும், அதனாலதான் கருப்பு தோலுக்கு 1064 ரொம்ப பாதுகாப்புன்னு டாக்டருங்க சொல்றாங்க. அதுக்கு ஒரு குறையும் இருக்கு, முடியிலயும் அது கம்மியாதான் பிடிக்கும், அதனால கெட்டி முடிக்கு நல்லா வேலை செய்யும், மெல்லிசு முடிக்கு சுமார்தான், வலியும் மத்ததவிட ஜாஸ்தி. 755 வெளுத்த தோலுக்கு பிரமாதம், உன் நிறத்துக்கு நான் சொல்லவே மாட்டேன். டையோடு நடுவுல, கை தெரிஞ்சவங்க பண்ணா உனக்கு கை காலுக்கு நல்லாவே போகும்.

ஃபிட்ஸ்பாட்ரிக்னு ஒரு தோல் டாக்டர் 1975ல வெயிலுக்கு தோல் எப்படி மாறுதுங்கறத வெச்சு ஒரு அளவுகோல் கொண்டு வந்தாரு, இப்ப அதுல ஆறு டைப், ஒண்ணு ரொம்ப வெளுப்பு, ஆறு ரொம்ப கருப்பு. நீ எழுதினத வெச்சு பாத்தா நீ அஞ்சா இருக்கலாம். பிலிப்ஸ் லூமியா மாதிரி வீட்டு ஐபிஎல் அஞ்சு வரைக்கும்தான், ஆறுக்கு கிடையாது, அஞ்சுலயும் சென்சார் தோல பாத்து பவர குறைச்சிடும். வீட்டு லேசர்னு வந்த ட்ரையா டையோடு மெஷின் அதவிட கறார், நாலுக்கு மேல வேண்டாம்னே சொல்லிட்டாங்க, கருப்பு தோல்ல வெச்சா பூட்டிக்கும். சில பேரு சென்சார ஏமாத்துறதுக்கு வெளுப்பான இடத்துல வெச்சு திறந்துட்டு கருப்பான இடத்துக்கு நகத்துறாங்களாம், தயவு செஞ்சு அத மட்டும் பண்ணிடாத. அந்த பூட்டு உன் தோல காப்பாத்தத்தான் இருக்கு.

வீட்டு மெஷின் மோசம்னு நான் சொல்லல. வீட்டு ஐபிஎல் ஒரு ஷாட்டுக்கு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 6 ஜூல் (ஒளியோட சக்திக்கு அளவு) வரைக்கும்தான் விடும், கிளினிக் டையோடு 10, 20, 30ன்னு ஏறும். பவர் கம்மிங்கறதால ஆபத்தும் கம்மி, பலனும் மெதுவா, விட்டா திரும்ப வரும். மாநிறமோ அதவிட வெளுப்போ இருக்கிறவங்க, கருப்பு முடி, கால் கை அக்குள், பொறுமையா ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா பண்ணி அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவ தொடர்ந்தாங்கன்னா நிஜமாவே நல்ல பலன் கிடைக்கும், உன் அண்ணி பொய் சொல்லல. அதுக்கு அந்த தொடர்ச்சி வேணும். நிறைய வீட்டுல ரெண்டு மாசத்துல மெஷின் அலமாரிக்குள்ள போயிடுது, அப்ப அது வீண் செலவுதான்.

உனக்கு அண்ணி மெஷின்ல ஆசை இருந்தா கால்ல ஒரு சின்ன இடத்துல, மெஷினே தர்ற குறைஞ்ச லெவல்ல ஒரு ஷாட் வெச்சுப் பாத்துட்டு ரெண்டு நாள் விடு. எரிச்சல் நிக்காம இருந்தாலோ நிறம் மாறினாலோ அதோட விட்டுடு. மச்சம் மேல, டாட்டூ மேல எந்த மெஷினும் படக்கூடாது, அங்க சூடு அப்படியே குவிஞ்சிடும். புருவம், கண்ணு பக்கம் கொண்டே போகாத, கண்ணுக்குள்ள இருக்கிற கருவிழிப் படலத்துக்கும் நிறம் இருக்கு.

ஆனா நாடிக்கு, தாடைக்கு அண்ணி மெஷின் வேண்டவே வேண்டாம். கவனமா படி. கருப்பு தோல் உள்ள பொண்ணுங்களுக்கு, அதுவும் ஹார்மோன் பிரச்சனை இருந்தா, தாடை, கழுத்து ஓரத்துல லேசர் பட்ட இடத்துலயும் அத சுத்தியும் முடி குறையாம இன்னும் ஜாஸ்தியா வளர்றது உண்டு. வேர கொல்ற அளவுக்கு பத்தாத சூடு தூங்கிக்கிட்டு இருந்த பூனை முடிய எழுப்பி விட்டுடுதுன்னு டாக்டருங்க சந்தேகப்படுறாங்க. குறைஞ்ச பவர் மெஷின், பூனை முடி நிறைஞ்ச கன்னம், இது ரெண்டும் சேரவே கூடாதுன்னு நான் சொல்றதுக்கு அதான் காரணம். கிளினிக்லயும் கன்னத்து பூனை முடிக்கு லேசர் பண்ணலாம்னு யாராவது சொன்னா வேண்டாம்னு எழுந்து வா, கெட்டி முடி இருக்கிற இடத்த மட்டும் பண்ண சொல்லு.

அதுக்கும் முன்னாடி, ரெண்டு வருஷமா புதுசா நாடியில கெட்டி முடின்னா ஏன் வருதுன்னு பாக்கணும்மா. பீரியட்ஸ் ஒழுங்கா வருதா, தள்ளி தள்ளி போகுதா? முகப்பரு, வெயிட், தலை உச்சியில முடி கொட்டுறது எதாவது இருக்கா? பிசிஓஎஸ்ங்கிற ஹார்மோன் கோளாறா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. கைனகாலஜிஸ்ட்டையோ, ஹார்மோன் டாக்டரான எண்டோக்ரைனாலஜிஸ்ட்டையோ பாத்தா டெஸ்டோஸ்டிரோன், ப்ரோலாக்டின், தைராய்டுன்னு ரத்த டெஸ்ட் எழுதுவாங்க, ஸ்கேனும் சொல்லலாம். எதுவும் இல்லாம சில குடும்பத்துல அம்மா பாட்டிக்கு இருந்த மாதிரியும் வரும், அதுல பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா ஹார்மோன் காரணமா இருந்தா அத கவனிக்காம லேசர் மட்டும் பண்ணா நீ அழிக்க அழிக்க உடம்பு புதுசு புதுசா கெட்டி முடி அனுப்பிக்கிட்டே இருக்கும், பணம் தான் போகும். மாத்திரை குடுத்தாலும் முடியில மாற்றம் தெரிய ஆறு மாசமாவது ஆகும், அதுக்கு நடுவுல லேசரும் சேர்த்தே பண்ணலாம், ஒண்ணு முடிஞ்சுதான் இன்னொண்ணுன்னு இல்ல. சில மாசத்துக்குள்ள வேகமா முடி பெருகி குரலும் கட்டையா ஆனா மட்டும் தள்ளிப் போடாம உடனே டாக்டர பாரு.

கிளினிக் பயத்துக்கு வரேன். ஒழுங்கா நடக்குற ஒரு செஷன் எப்படி இருக்கும்னு தெரிஞ்சா பயம் கொஞ்சம் குறையும், தப்பா நடந்தா கண்டுபிடிக்கவும் தெரியும். நானும் காலுக்கு டையோடு பண்ணிக்கிட்டவதான். முந்தின நாள் ஷேவ் பண்ணிட்டு போகணும், வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற முடி கருகி தோல சுட்டுடும். கண்ணுக்கு கண்ணாடி மாட்டி விடுவாங்க, பண்றவங்களும் மாட்டணும். ஜில்லுனு ஜெல், அதுக்கு மேல ஜில்லுனு முனை, தோல அழுத்தி வெச்ச உடனே சுள்ளுனு ரப்பர் பேண்டால அடிச்ச மாதிரி. கணுக்கால் எலும்பு மேல வலி கூட, தொடையில தெரியவே தெரியாது. லேசா முடி கருகின வாடை வரும். அஞ்சு பத்து நிமிஷத்துல ஒவ்வொரு முடிக்காலையும் சுத்தி குட்டி குட்டியா சிவந்து தடிக்கும், அது நல்ல அறிகுறி, வேருக்கு சூடு போயிருக்குன்னு அர்த்தம், ஒரு ரெண்டு நாள்ல போயிடும். முடிக்கால சுத்தி இல்லாம தோலே மொத்தமா சிவந்தோ சாம்பல் நிறமாவோ மாறினா, எரிச்சல் குறையாம ஏறிக்கிட்டே போனா, உடனே நிறுத்த சொல்லு, கொஞ்சம் பொறுத்துக்கோங்க மேடம்னு சொல்றவங்க பேச்ச கேக்காத. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு முடி திரும்ப வளர்ற மாதிரி கருப்பு புள்ளி புள்ளியா வெளிய வரும், நிறைய பேரு வேலை செய்யலன்னு நொந்துக்கிறது அப்பதான், அது வளர்ச்சி இல்ல, செத்த முடி வெளிய தள்ளப்படுது, குளிக்கும்போது தேச்சா உதிரும்.

போன்லயே கேளு, மெஷின் பேரு என்ன, அலைநீளம் எத்தனைன்னு. 810, 1064ன்னு ஒரு எண் சொன்னா லேசர், ஃபில்டர்னு ஆரம்பிச்சா ஐபிஎல். கேண்டெலா ஜென்டில்மேக்ஸ்ங்கிற மெஷின்ல 755ம் 1064ம் ரெண்டும் இருக்கு, அதனால அந்த பேர மட்டும் கேட்டு திருப்தி ஆயிடாத, உனக்கு எத போடுவாங்கன்னு கேளு. அல்மா கம்பெனியோட சொப்ரானோ மெஷின்ல கம்மி சூட்ட திரும்ப திரும்ப தேச்சு ஏத்துற முறை இருக்கு, வலி ரொம்ப குறைவு, ஆனா வேகமா ஓட்டிட்டு முடிச்சுட்டா பலனும் குறைவு, அங்க பண்றவங்க பொறுமைதான் எல்லாம். எந்த மெஷினா இருந்தாலும் ஒரு டெஸ்ட் பேட்ச் வெச்சு சில நாள் பாக்காம முழு கால் பண்ணாதீங்கன்னு சொல்லு. ஒத்துக்கலன்னா வேற இடம் பாரு. எனக்கு தெரிஞ்ச ஒரு கிளினிக்ல பேஷண்ட் வெயில்ல சுத்தி கருத்துட்டு வந்தும் போன தடவ வெச்ச அதே செட்டிங்ல பண்ணி ரெண்டு முழங்காலும் பொரிஞ்சு போச்சு, டாக்டர் ரூம்ல இருந்தாரு, எட்டிக்கூட பாக்கல. அதனால ஒவ்வொரு தடவையும் வெயில்ல போனேனா, புது மாத்திரை ஏதும் சாப்பிடுறேனா, கர்ப்பமான்னு கேக்குறாங்களான்னு கவனி. கேக்காத இடத்துல படுக்காத.

மரத்துப் போற கிரீம் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. நாடிக்கு கொஞ்சமா தடவுறது வேற, ரெண்டு காலுக்கும் அப்பி பிளாஸ்டிக் சுத்திக்கிட்டு வீட்ல இருந்து கிளம்புறது வேற. அப்படி பண்ணி மருந்து ரத்தத்துல ஏறி உயிரே போனதுண்டு, 2007ல அமெரிக்க அரசோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதுக்குன்னே எச்சரிக்கை விட்டுச்சு.

நிரந்தரமா போயிடும்னு யாராவது உத்தரவாதம் குடுத்தா நம்பாத. அந்த எஃப்டிஏ லேசருக்கு குடுத்திருக்கிற பேரே நிரந்தர முடி குறைப்புன்னுதான், நீக்கம்னு இல்ல. ஒரு நேரத்துல எல்லா முடியும் வளர்ற கட்டத்துல இருக்காது, வளர்ற முடியிலதான் வேலை நடக்கும், அதான் முகத்துக்கு நாலு ஆறு வாரம், உடம்புக்கு ஆறு எட்டு வாரம்னு இடைவெளி விட்டு ஆறு எட்டு தடவ கூப்பிடுறாங்க. ஹார்மோன் பிரச்சனை இருந்தா நாடிக்கு அதுக்கு மேலயும் ஆகும், வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு டச் அப்பும் வரும். முழு பேக்கேஜுக்கு முன்பணம் கட்டாத, ரெண்டு மூணு செஷன் தனியா கட்டி பாரு. நாடியில நரைச்சதோ வெளுத்ததோ இருந்தா அது எந்த ஒளிக்கும் மசியாது, அதுக்கு எலக்ட்ராலிசிஸ், ஒவ்வொரு வேரா ஊசி விட்டு கரன்ட் குடுக்கிறது, நேரம் பிடிக்கும் ஆனா எந்த நிற முடிக்கும், எந்த நிற தோலுக்கும் ஆகும்.

அதனால உனக்கு நான் சொல்றது, இந்த மாசமே நாடி முடிக்காக டாக்டர பாரு, டெஸ்ட் குடு. அப்புறம் தோல் டாக்டர் நேரடியா பாத்துக்கிற இடமா பாத்து நாடிக்கு 1064 கேளு. காலும் கையும் அவசரமே இல்ல, அதுக்கு டையோடு போறதோ அண்ணி மெஷின் ட்ரை பண்றதோ உன் இஷ்டம். எதுன்னாலும் முன்னாடி ஒரு மாசமும் பின்னாடி ஒரு மாசமும் வெயில தவிர்த்து சன்ஸ்கிரீன் தினம் போடு. ஒவ்வொரு தடவையும் அவங்க வெச்ச ஜூல் எத்தனை, அலைநீளம் எத்தனைன்னு கேட்டு எழுதி வெச்சுக்கோ, கிளினிக் மாத்தினா உதவும். உன் ஃப்ரெண்டுகிட்டயும் சொல்லு, அந்த கருப்பு பெரும்பாலும் மங்கிடும், தேய்க்கிறது கிள்ளுறது வேண்டாம், வெயில் படாம மூடி வெச்சுக்கிட்டு ஒரு தோல் டாக்டர்கிட்ட காட்டட்டும்.