வீட்டை எழுதுதல் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கமுங்க.

சென்னிமலைக்குப் பக்கத்தில் தோட்டத்தில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் பெருந்துறையில் வேலைக்குப் போகிறார். மாமியார், பத்தாவது படிக்கும் பையன், ஏழாவது படிக்கும் பெண், இவ்வளவுதான் எங்கள் வீடு. கல்யாணமான புதிதில், 2009, 2010 வாக்கில், வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மத்தியானம் வேலை ஒழிந்ததும் பெண்கள் தங்கள் பக்கங்களில் தமிழில் எழுதியதைப் படிப்பேன். குழந்தைக்குக் காய்ச்சல், மாமனாரோடு மனத்தாங்கல், அம்மா வீட்டுக்குப் போய்வந்தது என்று சாதாரண விஷயங்கள்தான். போன மாதம் அந்த முகவரிகளைத் தேடினால் பாதிக்கு மேல் திறக்கவே இல்லை.

இப்போது சொந்தபந்தம் எல்லாம் ஒரே வாட்ஸ்ஆப் குழுவில் இருக்கிறோம். காலை வணக்கப் படமும் காதுகுத்துப் பத்திரிகையும் நாள் முழுக்க வருகின்றன. மாமியார் மூணாவது வரைதான் படித்தவர். பொள்ளாச்சியில் இருக்கும் நாத்தனாருக்கு ஒப்புட்டுப் பக்குவம், எந்தச் சீருக்கு என்ன எடுத்துவைப்பது என்பதையெல்லாம் குரல் பதிவாக அனுப்புவார். அந்த போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து எல்லாம் போய்விட்டது. அன்றிலிருந்து எழுதிவைக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. வீட்டுக்காரர், "இதையெல்லாம் யாரு படிப்பாங்க? ஏஐகிட்டக் கேட்டாச் சொல்லிட்டுப் போகுது" என்கிறார். பையன், "என்னைப் பத்தி ஒரு வரி எழுதக் கூடாது" என்கிறான். எழுதலாமா, எங்கே எழுதுவது, எதுவரை எழுதுவது? அப்புறம், எங்கள் பேச்சில் எழுதினால் மற்ற ஊர்க்காரர்கள் படிப்பார்களா?

ஒரு வாசகி
சென்னிமலை வட்டாரம்

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் பொள்ளாச்சிக்கு ஒரு போன் போடுங்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்பியது போய்ச் சேர்ந்துவிட்டால் அனுப்பியவர் போனிலும் வாங்கியவர் போனிலும்தான் தங்கும். உங்கள் மாமியாரின் போன் நனைந்திருந்தாலும், நாத்தனார் அழிக்காமல் வைத்திருந்தால் அந்தக் குரல் அங்கே அப்படியே இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போன் என்றால் வாட்ஸ்ஆப் ஃபோல்டருக்குள் மீடியா, அதற்குள் வாய்ஸ் நோட்ஸ் என்று இருக்கும். அதை முழுசாக ஒரு பென் டிரைவுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் அவருடைய பிள்ளைகள் செய்துவிடுவார்கள். நாத்தனார் போன் மாற்றுவதற்கு முன்னால் செய்துவிட வேண்டும். மாமியாரின் போனில் கூகுள் டிரைவுக்கு பேக்கப் போட்டிருந்தால், அதே சிம்மையும் அதே கூகுள் கணக்கையும் புது போனில் போடும்போது பழையது திரும்ப வரவும் வழி இருக்கிறது.

சரி, இனி உங்கள் கேள்விகள்.

நீங்கள் படித்த பக்கங்கள் போய்விட்டதைச் சொல்லியிருந்தீர்கள். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அதன்பிறகு சில ஆண்டுகள் தமிழில் ஒரு பக்கம் படிப்பதே பெரும்பாடு. ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு. முரசு அஞ்சல், திஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு முறை. எழுத்துருவை இறக்காமல் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும், அல்லது ஆங்கில எழுத்துகள் கொட்டிக் கிடக்கும். விண்டோஸ் எக்ஸ்பி வீடுகளுக்கு வந்து, எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் தமிழ் பரவிய பிறகுதான் சாதாரண ஆட்கள் எழுத ஆரம்பித்தார்கள். நீங்கள் மத்தியானங்களில் படித்தது அந்த எழுத்தைத்தான். யாரையும் கேட்காமல் தனக்கென்று ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, தன் வீட்டில் நடந்ததைத் தன் நடையில் சொன்ன பெண்கள் தமிழ் உரைநடைக்குப் பெரிய காரியம் செய்தார்கள் என்று நான் நிஜமாகவே நினைக்கிறேன். சமையலறையில் நின்று யோசிப்பதை அதற்கு முன் அச்சில் அவ்வளவு பேர் எழுதியதில்லை.

ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கம்ப்யூட்டர் இருக்க வேண்டும், தட்டச்சு தெரிய வேண்டும், கணவரும் பிள்ளைகளும் எழுந்த பிறகு அந்த நாற்காலி காலியாக வேண்டும். மூணாவது வரை படித்த உங்கள் மாமியாருக்கு அங்கே இடமே இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை விழுந்த பிறகு, கையில் போன் வந்த பிறகுதான் அவர் வலைக்குள் வந்தார். அதுவும் எழுத்தைத் தாண்டி நேராகக் குரலோடு வந்தார். சென்னிமலையில் உட்கார்ந்துகொண்டு பொள்ளாச்சி அடுப்படிக்குப் பக்குவம் சொல்கிறார். இதைவிட நல்ல மாற்றம் வலையில் வேறு எது நடந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காலை வணக்கப் படங்களையும் நான் குறைவாக நினைப்பதில்லை. தனியாக இருக்கும் பெரியப்பா ஒரு பூப்படம் அனுப்பினால், இன்றைக்கும் எழுந்துவிட்டார் என்று பத்து வீட்டுக்குத் தெரிகிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பழைய வலையும் எதையும் காப்பாற்றவில்லை, இப்போதைய வலையும் காப்பாற்றப்போவதில்லை. நமக்கு இலவசமாக இடம் கொடுத்த தளங்களையே பாருங்கள். ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. ஆர்குட் 2014 செப்டம்பர் 30. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல். யாகூ குழுமங்கள் 2020 டிசம்பர். ஒவ்வொன்றிலும் குடும்பங்கள் இருந்தன, கல்யாணப் படங்கள் இருந்தன, சண்டையும் சமாதானமும் இருந்தன. முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் மூடினார்கள். ஆனால் எத்தனை பேர் பார்த்து எடுத்து வைத்திருப்பார்கள்? நாம் குத்தகைத் தோட்டத்தில் தென்னம்பிள்ளை வைத்துக்கொண்டே இருக்கிறோம். காய் பிடிக்கிற காலத்தில் அது நம் கையில் இருப்பதில்லை.

உங்கள் பழைய முகவரிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பு 1996 முதல் வலைப்பக்கங்களைப் படியெடுத்து வைத்துவருகிறது. அவர்களுடைய வேபேக் மெஷினில் பழைய முகவரியைப் போட்டால் சில பக்கங்கள் தேதிவாரியாகத் திறக்கும். எல்லாம் கிடைக்காது, கிடைப்பதைச் சேமித்துக்கொள்ளுங்கள். திறந்த பக்கம் புரியாத எழுத்தாகத் தெரிந்தால் அது பழைய எழுத்துருவில் எழுதியதாக இருக்கும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

வீட்டுக்காரர் கேட்டதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒப்புட்டு எப்படிச் செய்வது என்று ஏஐயைக் கேட்டால் சொல்லும்: கடலைப்பருப்பு, வெல்லம், தேங்காய், ஏலக்காய். ஆனால் அது சொல்வது எல்லோரும் ஏற்கெனவே எழுதிவைத்ததன் சாரம். எழுதப்படாதது அதற்கும் தெரியாது. கொங்கில் சீர்முறை ஊருக்கு ஊர் மாறும், பங்காளி வகையறாவுக்கு வகையறா மாறும். கல்யாணத்தில் இணைச்சீருக்கு அண்ணன் பக்கத்தில் உட்காரும் தங்கைக்கு உங்கள் வீட்டில் என்ன எடுத்துக் கொடுத்தார்கள், கல்யாணமான பெண்ணுக்குச் செய்யும் எழுதிங்கள் சீர் கடைசியாக யாருக்குச் செய்தார்கள், சீரை நடத்தித் தரும் அருமைக்காரர் எந்த ஊரிலிருந்து வந்தார், மங்கல வாழ்த்துப் பாடியவர் எதை விட்டுவிட்டுப் பாடினார், அப்போது எந்தப் பெரியவர் எழுந்து திருத்தினார் – இதெல்லாம் உங்கள் மாமியாரின் தலையில் மட்டும்தான் இருக்கிறது. அவரை யாரும் கேட்டதில்லை. கேட்கிற இடத்தில் இருப்பவர் நீங்கள்.

கேட்கும்போது அளவுகளைக் கவனியுங்கள். "இந்தச் சொம்புக்கு ரெண்டு" என்பார். வள்ளத்தில் சொல்வார், படியில் சொல்வார். அந்தச் சொம்பில் எவ்வளவு பிடிக்கிறது என்று ஒருமுறை அளந்து, அவர் சொன்னதையும் கிராமையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் மகள் வேறு ஊரில் அடுப்பு வைக்கும்போது அந்தச் சொம்பு அவளிடம் இருக்காது. மாவு எந்தப் பதத்துக்கு வந்தால் சரி என்பதைச் செய்யும்போதே பக்கத்தில் நின்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு யோசித்துச் சொல்லச் சொன்னால் கைக்குத் தெரிந்தது வாய்க்கு வராது.

சீரும் பலகாரமும் மட்டும் போதாது, அன்றாடத்தையும் எழுதுங்கள். உங்கள் பக்கம் கீழ்பவானி வாய்க்கால் ஓடுகிறது. சுமார் 200 கிலோமீட்டர் நீளம், 2,07,000 ஏக்கர் பாசனம், ஒரு பாதிக்கு ஆகஸ்ட் வாக்கில் நஞ்சைக்குத் தண்ணீர், மறுபாதிக்கு ஜனவரி வாக்கில் புஞ்சைக்கு. தண்ணீர் திறந்த தேதி அரசாங்கக் கணக்கில் இருக்கும். தண்ணீர் வந்த அன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன மாறியது என்பது எங்கேயும் இருக்காது. யார் ராத்திரி மடை திருப்பப் போனது, சோறு எத்தனை மணிக்கு ஆனது, பையனைப் பள்ளிக்கூட வேனுக்குக் கொண்டுபோய் விட்டது யார், அன்று மஞ்சள் என்ன விலை போனது, மும்முனை மின்சாரம் எந்த நேரத்துக்கு வந்தது. இதை எழுதி என்ன ஆகும் என்று இப்போது தோன்றும். என் வீட்டில் பாட்டி காலத்துக் கல்யாணப் படம் இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை எப்படிப் போனது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. எனக்குத் தெரிய வேண்டியது அந்தச் செவ்வாய்க்கிழமைதான்.

பையன் விஷயத்தில் நான் பையன் பக்கம். பத்தாவது படிக்கிறவனுக்குத் தன்னைப் பற்றி ஊர் என்ன படிக்கலாம் என்று தீர்மானிக்கிற வயது வந்துவிட்டது. 2023 இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் குழந்தை என்கிறது. அவர்களுடைய தகவலை எடுத்துக் கையாள நிறுவனங்கள் பெற்றோரின் சம்மதத்தை வாங்க வேண்டும் என்கிறது. பெற்றோர் பிள்ளையைக் கேட்க வேண்டும் என்று எந்த இடத்திலும் சொல்லவில்லை. அதனால் அதை நாமாகத்தான் செய்ய வேண்டும். அவன் பெயர், பள்ளி, மதிப்பெண், படம் எதுவும் பொதுவில் வேண்டாம். "பையன்" என்றுகூட அவன் சரி என்ற பிறகு எழுதுங்கள். அவனைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றும் நாளில் வீட்டு நோட்டில் எழுதி, பெரியவனானதும் அவனிடமே கொடுத்துவிடுங்கள். மகள் இப்போது ஒன்றும் சொல்லவில்லை என்பதற்காக அவளை எழுதலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அவளுக்கும் இதே முறைதான்.

மாமியாரையும் கேட்க வேண்டும். மகளுக்கு அனுப்பிய குரலில் பக்குவம் மட்டுமா இருக்கும்? கொழுந்தனார் வீட்டுக் குறையும், யார் மொய் வைக்கவில்லை என்பதும் நடுவில் வந்திருக்கும். நம் பக்கத்தில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறையில் சொந்தம். பெயர் போடாவிட்டாலும் காங்கேயத்தில் ஒருவர் படித்தால் போதும், பொழுது சாய்வதற்குள் தாராபுரத்துக்குத் தெரிந்துவிடும். உயிரோடு இருப்பவர்களின் மனசு நோகிற ஒரு வரி எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் பொதுவில் வேண்டாம் என்பது என் கட்சி. எழுத்தில் உண்மைதான் பெரிது என்று என்னோடு சண்டை போடும் நண்பர்கள் உண்டு. அவர்கள் அடுத்த வாரம் அதே சொந்தக்காரர்களோடு பந்தியில் உட்கார வேண்டியவர்கள் இல்லை.

எங்கே எழுதுவது என்றால், முதலில் உங்களிடமே எழுதுங்கள். போனில் வெறும் எழுத்துக் கோப்பாக, யூனிகோடு தமிழில், மாதத்துக்கு ஒன்று. அது எந்தக் கருவியிலும் திறக்கும், எந்தக் கம்பெனி மூடினாலும் நிற்கும். ஒரு படி உங்கள் போனில், ஒரு படி வீட்டுக்காரரின் கம்ப்யூட்டரில், முடிந்தால் ஒன்று நாத்தனாரிடம். அதிலிருந்து எதை ஊருக்குக் காட்டலாம் என்று தோன்றுகிறதோ அதை மட்டும் உங்களுக்கென்று ஒரு வலை முகவரி வாங்கி அதில் போடுங்கள். அந்த முகவரிக்கு வருடத்துக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி ஆகும். கட்ட முடியாத வருடம் அதுவும் போய்விடும் என்பதால், தைப்பொங்கலுக்குப் பொங்கல் ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து ஸ்பைரல் போட்டு வைத்துவிடுங்கள். மாமியாருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும் என்றால் பெரிய எழுத்தில் அடியுங்கள். குரல் பதிவுகளைத் தேதியும் விஷயமும் பெயராக வைத்துத் தனியாகச் சேருங்கள்.

யார் படிப்பார்கள் என்பதற்கு என்னிடம் பெரிய எண்ணிக்கை இல்லை. குறைவான பேர்தான் படிப்பார்கள். அவர்கள் நன்றாகப் படிப்பார்கள். பதினைந்து வருடத்துக்கு முன் யாரோ ஒரு பெண் குழந்தைக்குக் காய்ச்சல் என்று எழுதியதை நீங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறீர்கள், அந்தப் பெண்ணுக்கு உங்களைத் தெரியவே தெரியாது.

கடைசியாகப் பேச்சு. மாமியார் சொல்வதை அவர் சொல்கிறபடியே எழுதுங்கள், "வாங்கிப் போடோணும்", "சித்த நேரம் உடோணும்" எல்லாம் அப்படியே இருக்கட்டும். நீங்கள் எழுதுகிற பகுதி இந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிற நடையிலேயே நன்றாக இருக்கிறது, அதை மாற்ற வேண்டாம். போனில் தமிழில் பேசினால் எழுத்தாக்கித் தரும் வசதி 2017 முதல் இருக்கிறது. செய்தி வாசிக்கிற தமிழுக்கு அது நன்றாக வேலை செய்யும். நம் வீட்டுப் பெரியவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசுவதைத் தாறுமாறாக எழுதிவிடும். அதனால் முதல் சில பதிவுகளையாவது நீங்களே காதில் போட்டுக் கேட்டு, கையால் எழுதுங்கள். புரியாத இடத்தில் நிறுத்தி அவரையே கேளுங்கள். அந்த இடத்தில் அவர் சொல்லத் தொடங்குவது பெரும்பாலும் பதிவில் இருப்பதைவிட நீளமாக இருக்கும், அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அன்புடன்